'தோனூரு' எந்த ஊர்? பாட்டியின் நோட்டில் ஒரு வரி

ரோஸ் ஹில் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். புத்தகம், சொல், புதிர் என்று எது கையில் கிடைத்தாலும் அதன் அடி வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. ஒரே ஒரு வரியில் மட்டும் இரண்டு வருடமாகச் சிக்கி நிற்கிறேன்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி மொரிஷியஸில் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழி. அவர் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. கோவிலில் பாட்டுப் பாடுவார், அவ்வளவுதான். தமிழ் எழுத்தும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் பள்ளிக்குப் போனதில் பிரெஞ்சு எழுத்து மட்டும் பழகியிருந்தார். அவர் போன பிறகு கோடு போட்ட ஒரு நோட்டு கிடைத்தது. கடைக் கணக்கு, பேரப்பிள்ளைகள் பிறந்த தேதி, இருமலுக்குக் கைவைத்தியம். கடைசிப் பக்கங்களில் சிராந்தான்.

வெளியூர் நண்பர்களுக்காக: சிராந்தான் என்பது எங்கள் தீவின் கிரியோல் விடுகதை. போடுகிறவர் "சிராந்தான்?" என்று கேட்பார், சுற்றி இருப்பவர்கள் "சாம்பெக்!" என்று குரல் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் விடுகதை வரும். ஷார்ல் பேசாக் என்பவர் 1880களிலேயே இவற்றைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். ரொம்பப் பழையதும் எல்லோருக்கும் தெரிந்ததும் இரண்டு. "தீலோ திபூ?" நிற்கிற தண்ணீர் என்று பொருள், விடை கரும்பு. "தீலோ பாந்தாங்?" தொங்குகிற தண்ணீர், விடை தேங்காய்.

நோட்டின் இடது பக்கத்தில் அந்தத் தொங்குகிற தண்ணீர் இருக்கிறது. அதற்கு எதிரே, வலது பக்கத்தில், பிரெஞ்சு எழுத்தில் ஒரு வரி. அது கிரியோல் இல்லை. நான் வாசிக்கிற ஓசையிலேயே தருகிறேன்:

"ஆலாகூலீ வேத்தீ ஆதீலே ஓரூ மூத்தே ஈத்தூ ஆனாந்தூ பார்த்தால் தோனூரூ மூத்தே."

பள்ளியில் படித்த தமிழை வைத்து நான் புரிந்துகொண்டது இது. வேத்தீ என்பது வேட்டி. மூத்தே என்பது மூத்தவர். பார்த்தால் என்பது பார்த்தால்தான். ஆக, வேட்டி கட்டிய ஒரு மூத்தவர், ஆனந்தமாக, தோனூரு என்ற ஊரைப் பார்க்கிறார். எங்கள் குடும்பம் கப்பல் ஏறிய ஊரின் பெயரைப் பாட்டி எழுதி வைத்துவிட்டுப் போனார் என்றே நம்பினேன். தமிழ்நாட்டு வரைபடத்தில் தோனூர், தொன்னூர், தோணூர் என்று தேடாத மாவட்டம் இல்லை. யாருக்காவது அந்த ஊர் தெரியுமா?

சேன்தாந்த்ரே (ரீயூனியன்)

அக்கா, ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறாரே, இரண்டுக்கும் தொடர்பு இருக்காதா? இடது பக்கம் விடுகதை என்றால் வலது பக்கமும் விடுகதையாக இருக்கலாம்.

திருவையாறு ஆசிரியர்

அம்மா, முதல் இரண்டு சொல்லைப் படித்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் மனம் வருந்தக் கூடாது. தோனூரு ஊர் இல்லை, தொண்ணூறு.

"ஆழக்குழி வெட்டி, அதிலே ஒரு முட்டை இட்டு, அண்ணாந்து பார்த்தால் தொண்ணூறு முட்டை."

எங்கள் பக்கம் எல்லாத் திண்ணையிலும் போடுகிற விடுகதை. ஆழமாகக் குழி வெட்டி ஒரு நெற்றைப் புதைக்கிறோம், மரமாகி நிற்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்தால் மேலே தொண்ணூறு காய். விடை தென்னை. ரீயூனியன் தம்பி சொன்னது சரி. உங்கள் பாட்டி ஒரே விடைக்கு இரண்டு மொழியில் உள்ள விடுகதையை எதிரெதிரே வைத்திருக்கிறார்.

ரோஸ் ஹில் வாசகி

ஐயா, நன்றி. இதற்கு மேல் இன்று எதுவும் எழுத வரவில்லை. நாளை வருகிறேன்.

போர்ட் லூயி கடைக்காரர்

இதைப் படிக்கையில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டி மேல் இல்லை, நடந்ததன் மேல். ஒரு நல்ல தமிழ் வரி இப்படிச் சிதைந்து, பேத்திக்கே புரியாமல் போகிற அளவுக்கு ஆகிவிட்டதே. எங்கள் குடும்பப் பெயரும் அப்படித்தான். ஆறுமுகம் என்பது இங்கே ஆர்மூகம் ஆகிவிட்டது, கணபதி கானாபாடி, வீரப்பன் வீராபென், சுப்பன் சூபென். சமையலறையிலும் அதே கதை. ரசம் ரசோன், முருங்கை முரூம், கருவேப்பிலை காரிபூலே.

எழுத்து என்பது சின்ன விஷயம் இல்லை. நான் தமிழ் எண்களைக் கற்றது எங்கள் ரூபாய் நோட்டைப் பார்த்து. 1998இல் புது நோட்டு வந்தபோது தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழ் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு வரிசைக்கே அப்படி நின்றவர்கள் நம் பெயர்களையும் திருத்தி எழுதத்தானே வேண்டும்? என் பேரனுக்குச் சரியான எழுத்தில்தான் பெயர் வைத்தோம்.

திருவையாறு ஆசிரியர்

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். பேரனுக்கு வைத்த பெயர் நன்றாக இருக்கட்டும். 'சிதைந்தது' என்ற ஒரு சொல்லில்தான் மாறுபடுகிறேன். முப்பது வருடம் தமிழ் நடத்தியவன், கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாம் 'ரசம்' என்று எழுதுகிறோம். சாப்பிட உட்கார்ந்து கேட்கும்போது உதட்டை மூடி 'ம்' என்று முடிக்கிறோமா? இல்லை. 'மரம்', 'பணம்', 'ரசம்' எல்லாமே பேச்சில் ஓகாரம் போல வந்து மூக்கில் முடியும். நம் எழுத்தில் அந்த ஒலிக்கு இடம் இல்லை. பிரெஞ்சில் ஓ, என் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அதே மூக்கொலி வந்துவிடுகிறது. அப்படியானால் ரசோன் என்று எழுதியவர் தப்பாக எழுதினாரா, காதில் விழுந்ததை எழுதினாரா?

இதே கணக்கில் உங்கள் போர்ட் லூயியில் இருக்கிற சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் உள்ள இடத்தைப் பாருங்கள். கைலாசம் என்பதைக் கைலாசோன் என்கிறீர்கள். ரசமும் கைலாசமும் ஒரே விதியில் மாறியிருக்கின்றன. சிதைவு என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சிதறியிருக்கும். இங்கே ஒழுங்கு இருக்கிறது.

அடுத்தது 'அன்'. முருகன் என்று எழுதுகிறோம். எங்கள் தெருவில் கூப்பிடும்போது கடைசி அகரம் எகரம் பக்கம் சாய்ந்து மூக்கில் போய்விடும். வீரப்பன், சுப்பன், அம்மன் மூன்றும் உங்கள் ஊரில் 'என்' என்று முடிவதற்கு அதுதான் காரணம். கோவில் பலகையில்கூட 'அம்மென்' என்று பிரெஞ்சு எழுத்தில் பார்த்திருக்கிறேன் என்று அங்கே போய்வந்த என் மாணவி சொன்னாள்.

சேன்தாந்த்ரே (ரீயூனியன்)

ஐயா, நிறுத்த வேண்டாம், தொடருங்கள்! எங்கள் ரீயூனியன் தீவில் வீராபூலே என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊர் மேயராகவும் பாரிஸில் செனட்டராகவும் இருந்தவருடைய குடும்பப் பெயர். வீரப்பிள்ளை என்பார்கள். 'பிள்ளை' எப்படிப் 'பூலே' ஆனது என்று சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறேன். மொரிஷியஸ்காரர்கள் பிள்ளையைப் பிள்ளே என்றே எழுதுகிறார்கள்.

திருவையாறு ஆசிரியர்

தம்பி, உங்கள் அம்மாவை வீட்டில் யாராவது தமிழில் கூப்பிட்டிருந்தால் 'புள்ளே' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்! பகர வகரத்துக்குப் பின்னால் இகரமும் எகரமும் வந்தால் பேச்சில் பல சொற்களில் உதடு குவிந்துவிடும். பிள்ளை புள்ளை, பிடி புடி, வீடு வூடு, பெட்டி பொட்டி, பெண் பொண்ணு. கடைசியில் வருகிற ஐகாரம் எகரமாகக் குறுகும். ஆக 'வீரப்புள்ளெ'. அதைப் பிரெஞ்சு எழுத்தில் அப்படியே எழுதினால் வீராபூலே.

இப்போது கடைக்காரர் ஐயா சொன்ன காரிபூலேயைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கருவேப்பிலையைக் 'கருவேப்புலெ' என்றுதான் சொல்வோம். அதே 'பி' அதே 'பு'வாகி, அதே ஐகாரம் அதே எகரமாகி இருக்கிறது. ஒரு குடும்பப் பெயரும் ஒரு கொத்து இலையும் ஒரே சாட்சி சொல்கின்றன. பாட்டியின் 'மூத்தே'யும் அந்த ஐகாரம்தான், முட்டை.

ரோஸ் ஹில் வாசகி

நேற்று இரவு தூங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாக ஓர் ஊர் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி எடுத்தேன். இதுவரை தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார் என்று நினைத்தே வாசித்தேன். இப்போது அவர் காதை நம்பி வாசித்தேன். நான் எடுத்துக்கொண்ட விதிகள் இவை: அவரிடம் 'ட'வுக்கும் 'த'வுக்கும் ஒரே எழுத்துதான், அதனால் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். 'ழ', 'ள', 'ல' மூன்றும் ஒன்று. குறில் நெடில் பேதம் இல்லை. 'ஏ'யில் முடிந்தால் ஐகாரம்.

அடுத்த பக்கத்தில் "வேலே மாலீகே வாசெல் ஈலே" என்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்துவிட்டது. வெள்ளை மாளிகை, வாசல் இல்லை. விடை முட்டை! இதற்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. பொருத்தமான சிராந்தான் அவருக்குக் கிடைக்கவில்லை போலும்.

போர்ட் லூயி கடைக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு. நீங்கள் சொன்னதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் 'ரசம்' என்று நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான்" என்றாள். சரி, சிதைவு என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆர்மூகம்? அதில் மூக்கொலி எங்கே இருக்கிறது? பிரெஞ்சு, ஆங்கில எழுத்தில் 'யு', 'எம்' என்று உதடு மூடித்தான் முடிகிறது.

திருவையாறு ஆசிரியர்

நல்ல கேள்வி. காது ஒன்று இல்லை, இரண்டு என்பதுதான் என் பதில். உங்கள் தீவு 1810 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். பிரெஞ்சுப் பேச்சோ போகவே இல்லை. ஆங்கிலக் காதில் மூக்கொலிக்குத் தனி எழுத்து இல்லை, 'யு', 'எம்' என்று எழுதிவிடும். உகரத்திலும் இந்த வேறுபாடு தெரியும். முத்துசாமி என்ற பெயரில் 'மு'வை ஆங்கில முறையில் இரட்டை 'ஓ' போட்டு எழுதியிருந்தால் ஒரு காது, பிரெஞ்சு முறையில் 'ஓ', 'யு' சேர்த்து 'ஓயு' போட்டு எழுதியிருந்தால் இன்னொரு காது.

சேன்தாந்த்ரே (ரீயூனியன்)

ஆமாம்! எங்கள் தீவு பிரான்சிடமே இருந்துவிட்டதால் முத்துசாமிகள் எல்லோரும் 'ஓயு'காரர்கள். மொரிஷியஸில் இரட்டை 'ஓ' நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ராம்சாமி, நாங்கள் ராமாசாமி. ஒரே கப்பல் பாதை, ஒரே பெயர், அதைப் பதிந்த குமாஸ்தா வேறு.

என் பங்குக்கு ஒரு சொல் போடுகிறேன். ரூகாய். எங்கள் தட்டில் அது இல்லாத நாள் இல்லை. தக்காளி, பச்சை மிளகாய், வெங்காயம் எல்லாம் இடித்தோ நறுக்கியோ அப்போதே செய்து அப்போதே சாப்பிடுவது. அந்தச் சொல் ஊறுகாயிலிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் இதில் ஊறுவதற்கு நேரமே இல்லை. இன்று சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பண்டம் மாறிவிட்டது, இலையில் அது உட்காரும் இடம் மாறவில்லை.

ரோஸ் ஹில் வாசகி

எங்கள் ரூகாய் இன்னும் தள்ளிப் போய்விட்டது தம்பி, இங்கே அது தக்காளிக் குழம்பு. பீப்பாங்காய் கேட்டிருக்கிறாயா? பீர்க்கங்காய்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நிற்கிற தண்ணீர், தொங்குகிற தண்ணீர் என்கிற சிராந்தானைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இரண்டே சொல், ஒரு பொருளின் முழு உயிரும் அதில் இருக்கிறது. தமிழில் இவ்வளவு சுருக்கமானது உண்டா? தென்னை விடுகதை ஒரு கதை மாதிரி நடந்து போகிறது. அதுவும் அழகுதான், ஆனால் வேறு வகை.

திருவையாறு ஆசிரியர்

உண்டு, மிகப் பழையது. விடுகதைக்குத் தொல்காப்பியம் வைத்திருக்கும் பெயர் 'பிசி'. செய்யுளியலில் அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, ஒப்புமையை வைத்துச் சொல்வது. இன்னொன்று, ஒரு பொருளின் தோற்றத்தைச் சொல்லி அதையே துணியவைப்பது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் முதல் வகைக்குக் காட்டும் எடுத்துக்காட்டு:

"பிறை கவ்வி மலை நடக்கும்."

பிறை நிலவை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மலை நடக்கிறது. யானை. வெள்ளைத் தந்தம் பிறை, உடம்பு மலை. நான்கே சொல். இதைப் பலகையில் எழுதிவிட்டு வகுப்பில் பேசாமல் நிற்பேன். பின்வரிசையில் ஒரு பையன் திடீரென்று எழுந்து கத்துவான் பாருங்கள், அந்த நொடிக்காகவே முப்பது வருடம் வேலை பார்த்தேன்.

உங்கள் கரும்பு விடுகதை இதற்கு உடன்பிறந்தது போல இருக்கிறது. மலை நடக்காது, தண்ணீர் நிமிர்ந்து நிற்காது. நடக்காததை நடக்கவைத்து, நிற்காததை நிற்கவைத்துத்தான் இரண்டும் ஆரம்பிக்கின்றன. தமிழ் கேட்டு வளர்ந்த உங்கள் பாட்டிக்குச் சிராந்தான் வேற்றுப் பொருளாகத் தோன்றியிருக்காது.

போர்ட் லூயி கடைக்காரர்

மகளே, ஊர் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்துக்குப் போ. 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுடைய பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், மாவட்டம், கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள், பிற்காலத்துப் பதிவுகளில் படமும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு நான் அங்கேதான் தேடினேன். கிராமப் பெயரைக் குமாஸ்தா எழுதியிருந்த விதத்தில் மூன்று நாள் திணறினேன். ஆசிரியர் ஐயா சொன்ன விதிகள் அப்போது தெரிந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பெயரைத் திருத்துவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் பழைய எழுத்தையும் எங்காவது குறித்து வைத்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவனுக்குப் பதிவேட்டில் தன் வீட்டையே அடையாளம் தெரியாது.

ரோஸ் ஹில் வாசகி

ஐயா, அடுத்த வாரம் மோக்கா போகிறேன். பாட்டியின் அப்பா பெயரை இரண்டு விதமாகவும் எழுதிக் கொண்டுபோவேன்.

அதற்கு முன் இன்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கியூர்பிப்பில் என் அத்தை இருக்கிறார், பாட்டியின் மூத்த மகள், எண்பது தாண்டிவிட்டது. தமிழ் தெரியுமா என்று யார் கேட்டாலும் தெரியாது என்று கையை விரிப்பார். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் ஐயா எழுதிக் கொடுத்தபடி, பள்ளியில் கற்ற உச்சரிப்பில், 'ழ'வை நாக்கை மடித்து, "ஆழக்குழி வெட்டி" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அப்புறம் நோட்டைத் திறந்து, பாட்டி எழுதியதை எழுதியபடியே, கிரியோல் நாக்கில் வேகமாக வாசித்தேன். "ஆலாகூலீ வேத்தீ ஆதீலே ஓரூ" வரைக்கும்தான் போனேன்.

"தேங்கா!" என்றார் அத்தை.

தேங்காய்க்குக் கிரியோலில் சொல்கிற கோகோ என்று சொல்லவில்லை. தேங்கா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை, அவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மீதி வரியை என்னை வாசிக்க விடாமல் அவரே சொல்லி முடித்தார், தொண்ணூறு முட்டை வரைக்கும். மழை பெய்கிற இரவில் பாட்டி பருப்புப் புடைத்துக்கொண்டே போடுவாராம். விடை சொல்கிற பிள்ளைக்குச் சட்டியில் ஒட்டியிருக்கிற தீய்ந்த சோறு.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, இன்னொன்று இருந்தது என்று சொன்னார். நோட்டில் இல்லாதது. அவர் சொன்ன ஓசையிலேயே எழுதுகிறேன், விடையை அவர் சொல்லவில்லை:

"பாச்சே போத்தீகூலே வேலே மூத்தூ."

சேன்தாந்த்ரே (ரீயூனியன்)

அக்கா, 'போத்தீ' பொட்டி! பெட்டி! ஆசிரியர் ஐயா சொன்ன விதிதான். பச்சைப் பெட்டிக்குள்ளே வெள்ளை... முட்டையா?

திருவையாறு ஆசிரியர்

கடைசி எழுத்தைப் பாருங்கள் தம்பி. 'ஏ' இல்லை, 'ஊ'.

சேன்தாந்த்ரே (ரீயூனியன்)

முத்து. பச்சைப் பெட்டிக்குள்ளே வெள்ளை முத்து. லாலோ! அம்மா இப்போதுதான் அடுப்படியில் நறுக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊரில் வெண்டைக்காய்தானே ஐயா?